தவிசாளருக்குக் கொடுத்த தேத்தண்ணி

பிரதேச சபையினர் எங்கள் கிணற்றைப் பார்க்க வருகிறார்கள் என்றதும், மனைவி என்னைக் கடைக்கு விரட்டிப் போத்தல் தண்ணீர் வாங்குவித்தாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் வாகனம் கழுவும் இடம் திறந்ததிலிருந்து எங்கள் கிணற்றில் எண்ணெய் மிதந்தது. வாயில் வைத்தால் டீசல் மணம். கொக்குவிலில் எங்கள் வளவுக்கு இருப்பது அந்த ஒரு கிணறுதான். அது கெட்டால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கனடாவில் மகளின் நிலக்கீழ் அறையில் போய்க் கிடக்க வேண்டியதுதான். கழுவ அனுமதி கொடுத்த சபையிடமே நடையாய் நடந்து முறையிட்ட பிறகுதான் சபைத் தலைவரான தவிசாளரும் உறுப்பினர்களும் வந்தார்கள்.

கிணற்றுக்கட்டில் கைவைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். தவிசாளர் இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கினார்.

“தண்ணியிலை ஒரு குறையும் தெரியேல்லையே, ஐயா!”

உறுப்பினர்கள் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். அது போத்தல் தண்ணீர் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வாகனம் படலையைத் தாண்டிவிட்டது. தண்ணீரை நேரில் பரிசோதித்ததாக அடுத்த கூட்டத்தில் அறிவித்தார்களாம். வந்த கோபத்தை மனைவியிடம்தான் காட்டினேன்.

“வீட்டை வந்த மனிசருக்கு டீசலே குடுக்கிறது?” என்று அவள் என்னைத்தான் ஏசினாள்.

மறுபடியும் அலைந்து அவர்களைக் கூட்டிவந்தேன். இம்முறை வாளி கிணற்றுக்குள் இறங்கியது. தேத்தண்ணிக் கோப்பைகளில் எண்ணெய் வட்டமாக மினுங்கியது.

“போனமுறை போத்தல் தண்ணி. இது எங்கடை கிணத்துத் தண்ணி. குடியுங்கோ தம்பி,” என்று தவிசாளரிடம் நானே நீட்டினேன்.

ஒரு உறுப்பினருக்கு அந்தக் கணமே சீனி வருத்தம் வந்தது. இன்னொருவர் விரதம் என்றார். கையில் எங்கள் வீட்டு மட்டன் ரோல்ஸ். தவிசாளர்தான் மாட்டிக்கொண்டார். கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் வைப்பது எங்கள் பக்கத்தில் பெரிய அவமரியாதை, அதுவும் வாக்குள்ள வீட்டில். மனைவி கதவடியில் அசையாமல் நின்றாள். கடைசியில் அவர் கோப்பையை அப்படியே வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

“உவங்கள் கழுவுறதை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ.”

நின்றது. கிணறு எப்போது தெளியும் என்று கேட்டேன். அது சபையின் கையில் இல்லையாம்.

விருந்தாளி தேத்தண்ணியை மிச்சம் விட்டாலே மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்திருப்பவள், அன்று சிரித்துக்கொண்டே எல்லாக் கோப்பையையும் கவிழ்த்து ஊற்றிக் கழுவினாள், போத்தல் தண்ணீரில்.