வைரவரின் வாகனமும் ஏரம்பரின் சாக்கும்

சண்டிலிப்பாயில் மகாதேவியின் மில்லில் ஒரு சட்டம் உண்டு. மிளகாயோ அரிசியோ அரைக்கக் கொண்டுவருகிறவர்கள் தங்கள் சாக்கில் பெயரின் முதலெழுத்துகளைப் பெயின்ற் சாயத்தால் எழுதியிருக்க வேண்டும். எழுதாத சாக்கு வாசலோடு நிற்கும். முன்பொருநாள் ஒருவருடைய மிளகாய்த்தூள் இன்னொருவருடைய பிட்டுமாவுக்குள் கலந்துபோய், ஒரு குடும்பம் முழுவதும் காலைச் சாப்பாடு முடிந்த கையோடு கிணற்றடிக்கு ஓடிய பிறகு வந்த சட்டம் அது. இன்றைக்கு ஊரில் எந்தச் சாக்கு எவருடையது என்று கேட்டால் மகாதேவி தூரத்தில் நின்றே சொல்லிவிடுவாள்.

ஐம்பது வயது. தகப்பன் விட்டுப்போன மில்லைத் தனியே நடத்துகிறாள். தனியே என்றால், ஒரு நாயோடும் ஒரு பூனையோடும். பூனை ஒரு கொழுத்த கடுவன். பெயர் விதானையார், ஊர்த் தலைமை அதிகாரியின் பட்டம். காலையில் எழுந்து ஊர் முழுவதையும் ஒருமுறை சுற்றிப் பார்வையிடுவது, ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது வாங்கிச் சாப்பிடுவது, பின்னேரம் வந்து அரிசி மூட்டைமேல் படுப்பது என்று மூன்று வேலைகள். மூட்டையைக் குடைந்த எலி பக்கத்தால் போனாலும் மனுக் கொடுத்தால்தான் கவனிப்பார். நாயின் பெயர் கொச்சி. கொச்சிக்காய் என்கிற மிளகாய் காய்ந்த நிறம். மிளகாய் அரைக்கும் நாளில் ஏழெட்டுத் தும்மல் போட்டுவிட்டு, அடுத்த வீட்டு வளவுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

மிருகங்களைப் பற்றிய சந்தேகம் எதுவானாலும் ஊர் மகாதேவியிடம்தான் வந்தது. முதலில் சாத்திரியாரிடம் போவார்கள். அவர் சொன்னதைச் செய்து பார்த்துக் களைத்த பிறகு இங்கே வருவார்கள்.

ஒருநாள் கஜானி வந்தாள். கலியாணம் செய்து ஆறு மாதம்.

"அக்கா, எங்கடை நாய் என்ரை மாமியைக் கண்டால் மட்டும் குலைக்குது. ஆரும் செய்வினை செய்துபோட்டினமோ?"

"மாமி வரேக்கை கையிலை என்ன?"

"குடை. அவ மழையெண்டாலும் வெயிலெண்டாலும் குடையோடைதான்."

"படலைக்கு வெளியிலையே குடையைச் சுருக்கிப்போட்டு வரச்சொல்லு. அது குடைக்குத்தான் பயப்பிடுது. மாமிக்கில்லை."

மூன்றாம் நாள் கஜானி திரும்பி வந்தாள். முகம் வாடியிருந்தது.

"என்னடி, இன்னும் குலைக்குதோ?"

"இல்லையக்கா. இப்ப வாலாட்டுது." பெருமூச்சு விட்டாள். "முந்தியே நல்லாயிருந்துது."

மகாதேவியின் வித்தை இவ்வளவுதான். நாய் எங்கே பார்க்கிறது, எதை முகர்கிறது, அதற்கு முன் என்ன நடந்தது என்று பார்ப்பாள். கிரகத்தைப் பார்க்க மாட்டாள். கண்ணைத் திறந்து பார்க்கிற இந்தச் சின்ன வேலைக்கு ஊரில் ஆள் கிடைப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கு எவ்வளவு பேர் வேண்டும் என்றாலும் கிடைக்கும்.

கொச்சி வந்த கதையையும் சொல்லவேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலை, மில் வாசலில் வாய் கட்டிய சாக்கு ஒன்று கிடந்து அசைந்தது. அவிழ்த்தால் உள்ளங்கை அளவில் ஒரு பெட்டைக் குட்டி. கண் அப்போதுதான் திறந்திருந்தது. பெட்டைக் குட்டியைச் சாக்கில் கட்டி எங்கேயாவது கொட்டிவிட்டு வருவதை இந்தப் பக்கத்தில் எவரும் குற்றமாக எண்ணுவதில்லை. கடுவன் என்றால் காவல், பெட்டை என்றால் கரைச்சல். இதைச் செய்கிறவர்கள் வெள்ளிக்கிழமையில் மச்சம் மாமிசம் தொடமாட்டார்கள், உயிர்க்கொலை பாவம் என்று. சாக்கில் எழுத்து இருந்தது. மகாதேவி அதை வாசித்தாள். வாசித்துவிட்டு, சாக்கை மடித்துக் குட்டிக்குப் படுக்கையாகப் போட்டாள். எவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. போட்டவருக்கு வேண்டாதது தனக்குக் கிடைத்துவிட்டது, பிறகென்ன கதை என்பது அவள் எண்ணம். கொச்சிக்குக் கருத்தடையும் செய்வித்தாள். அதனால் குட்டி என்ற பேச்சே எழவில்லை. கொச்சி பெட்டையா கடுவனா என்று ஊர் விசாரிக்கவும் இல்லை.

வினை ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கியது.

மில்லுக்குப் போகிற ஒழுங்கைத் தெருவின் முகப்பில் வைரவர் கோயில். கோயில் என்றால் ஒரு ஆலமரம், ஒரு சூலம், மேலே நாலு தகரம். நாய் வைரவரின் வாகனம் என்பது எல்லாருக்கும் தெரிந்த விடயம். வெள்ளி மத்தியானப் பூசைக்குச் சூலத்தில் வடைமாலை போடுவார்கள். வடை சுடுவது நிர்வாகசபைத் தலைவர் ஏரம்பரின் மனைவி கேதீஸ்வரி. அந்த எண்ணெய் மணம் கிளம்பியதும் கொச்சி மில்லிலிருந்து எழுந்து கோயிலுக்குப் போகும். சூலத்துக்கு முன் நேராக உட்காரும். கர்ப்பூரப் புகை முகத்தில் அடித்தால் கண்ணை மூடும். பூசாரி கோகுலன் சங்கை ஊதினால் தலையை நிமிர்த்தி ஊளையிடும். மூன்றாம் சங்கு முடிந்ததும் கோகுலன் மாலையைக் கழற்றி முதல் வடையை வாகனத்துக்குப் போடுவான். பிறகு நின்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொன்று போடுவார்கள்.

இதை ஏரம்பரின் மருமகன் ஜெயரூபன் ஃபோனில் பிடித்து வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு அனுப்பினான். கண்மூடித் தியானம் செய்யும் நாய், சங்கோடு சேர்ந்து தேவாரம் பாடும் நாய். கனடாவில் நாலு பேர் அழுதார்களாம். அடுத்த வெள்ளி, கொச்சி வீட்டில் வைத்த சோற்றைத் தொடவில்லை என்ற செய்தியும் எப்படியோ வெளியே போய்விட்டது.

"நாய் வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்குது!" என்றார் ஏரம்பர்.

"பதினொரு வடை திண்டுபோட்டு வந்தால் நீங்களும் பிடிப்பியள்," என்றாள் மகாதேவி.

அவர் கேட்கிற ஆள் இல்லை. இரண்டு மாதம் இப்படியே போன பிறகு, ஒரு வியாழக்கிழமை காலையில் ஜெயரூபனோடும் பூமாலையோடும் புதுச் சங்கிலியோடும் மில்லுக்கு வந்தார்.

"பிள்ளை மகாதேவி, சபை கூடி முடிவெடுத்தாச்சு. நாளையிலிருந்து வாகனத்தார் கோயிலிலைதான். கம்பிக்கூடு அடிச்சாச்சு. சனம் வந்து கும்பிடும். ஓடிப்போகாமல் சங்கிலி போடவேணும், அவ்வளவுதான்."

மகாதேவி சங்கிலியைப் பார்த்தாள். கொச்சியின் கழுத்தில் இந்த மூன்று வருடமும் ஒரு நூல்கூட விழுந்ததில்லை. அது இப்போது ஏரம்பரின் செருப்பை முகர்ந்துகொண்டு வாலாட்டியது. செருப்பில் வடை மணம்.

"பாத்தியோ! என்னை விளங்கிக்கொண்டுது."

"அண்ணை, அது வடைக்கு வருது. வைரவருக்கில்லை."

"தெய்வக் குற்றம் கதைக்காதை."

"கதைக்கேல்லை, காட்டுறன். நாளைக்குப் பூசை அப்பிடியே நடக்கட்டும். மாலையை மட்டும் சூலத்திலை போடாமல், எதிரிலை நிக்கிற உங்கடை லாண்ட்மாஸ்ரரிலை போடுங்கோ. எஞ்சினும் ஓடட்டும், புகைக்கு. அது சூலத்துக்கு முன்னாலை இருந்தால் நானே சங்கிலி போட்டுத்தாறன்."

ஏரம்பருக்குச் சிரிப்பு வந்தது. வைரவரையும் உழவு மெசினையும் ஒரு நாய்க்குத் தெரியாதா? "ஓம், பாப்பம்," என்றார்.

வெள்ளிக்கிழமை ஒழுங்கை நிறையச் சனம். ஏரம்பரின் இரண்டு சில்லு லாண்ட்மாஸ்ரர் சேறு காயாமல் நின்றது. அதன் இரண்டு கைப்பிடிகளிலும் வடைமாலை தொங்கியது. எஞ்சின் டக் டக்கென்று கரும்புகை விட்டது. எதிரே ஆலமரத்தடியில் சூலம் வெறும் பூவோடு நின்றது.

கொச்சி வந்தது. ஆலமரத்தடிக்குப் போய் ஒருமுறை முகர்ந்தது. ஏரம்பரின் கை சங்கிலியைத் தடவியது. கொச்சி திரும்பி மூக்கைத் தூக்கியது. ஒழுங்கையைக் கடந்து நேரே போய் லாண்ட்மாஸ்ரருக்கு முன் உட்கார்ந்தது. புகை அடித்ததும் கண்ணை மூடியது. சங்கு ஊதியதும் தலையை நிமிர்த்தி, எஞ்சினைப் பார்த்து, உருகி உருகி ஊளையிட்டது. கூட்டத்தில் ஒரு அம்மா தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்ன அண்ணை," என்றாள் மகாதேவி, "இனி வயலுக்கு என்ன கொண்டு போவியள்?"

சனம் சிரித்தது. ஏரம்பர் லாண்ட்மாஸ்ரரை ஒருமுறை சுற்றிவந்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"வைரவர் எங்கையும் இருப்பார். இண்டைக்கு என்ரை லாண்ட்மாஸ்ரரிலை எழுந்தருளியிருக்கிறார். அதை இந்த வாகனத்தார்தான் கண்டுபிடிச்சுக் காட்டினவர். டேய் ஜெயரூபன், சங்கிலியைப் போடு!"

மகாதேவிக்குக் கோபம் தலைக்கேறியது. நேரில் நடத்திக் காட்டினாலும் தோற்காத ஒரு எதிரியோடு எப்படி வாதாடுவது? எதைக் கொண்டுபோய் முன்னால் வைத்தாலும் இந்த நம்பிக்கை அதை விழுங்கிவிட்டு இன்னும் கொழுக்கிறது. ஜெயரூபன் சங்கிலியை விரித்துக்கொண்டு குனிந்தான். கொச்சி வடைக்காகக் காத்துக் கண்மூடியிருந்தது.

"கொஞ்சம் பொறும் தம்பி," என்றாள். "படுக்கையையும் கொண்டு போங்கோ. உது இல்லாமல் அது நித்திரை கொள்ளாது."

மில்லுக்குள் போய்ச் சாக்கை எடுத்துவந்து லாண்ட்மாஸ்ரரின்மேல் விரித்தாள். நீலப் பெயின்றில் சி.ஏ. சின்னத்தம்பி ஏரம்பு, ஊர் மரியாதையில் ஏரம்பர். மூலையில் சிவப்புச் சேலைக் கரையால் ஒட்டுப்போட்ட தையல்.

சனம் கழுத்தை நீட்டி வாசித்தது. சாக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதவர் அந்தக் கூட்டத்தில் எவரும் இல்லை.

முதலில் வாயைத் திறந்தது கேதீஸ்வரி. கையில் வடைத் தட்டு.

"இஞ்சருங்கோ. இது நான் தைச்ச ஒட்டெல்லோ?"

ஏரம்பர் ஆலமரத்தைப் பார்த்தார்.

"மூண்டு வருசமாய்த் தேடுறன் இந்தச் சாக்கை. எங்கை கிடந்தது மகாதேவி?"

"மில் வாசலிலை. வாய் கட்டி. உள்ளை கொச்சி."

"அந்தப் பெட்டைக் குட்டியோ?" கேதீஸ்வரியின் குரல் உயர்ந்தது. "கரவெட்டியிலை நல்ல வீட்டிலை குடுத்தனான், பாலும் முட்டையும் வைக்கினம் எண்டெல்லோ எனக்குச் சொன்னியள்! நல்ல சுகமாயிருக்காம் எண்டு வருசப்பிறப்புக்கும் சொன்னியள்!"

"பெட்டையோ?" என்று ஜெயரூபன் குனிந்து பார்த்தான். இந்த இரண்டு மாதத்தில் வாகனத்தை அந்தப் பக்கத்தால் குனிந்து பார்த்த முதல் பக்தன் அவன்தான். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. "மாமா, உண்மைதான்."

"பெட்டையெண்டால் வாகனமாய்..." என்று ஏரம்பர் தொடங்கினார்.

"தொடங்காதையுங்கோ," என்றாள் கேதீஸ்வரி. "உங்கடை வைரவர் எங்கையும் இருப்பாரெண்டால் அந்தச் சாக்குக்குள்ளையும் இருந்திருப்பார். அவரையும் சேர்த்துத்தான் வாய் கட்டினனியள். சங்கிலியைக் குடு தம்பி."

சங்கிலியை வாங்கி வடைத் தட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். மாலை கழற்றப்படவில்லையே என்று கொச்சிக்குக் கவலை. எழுந்து லாண்ட்மாஸ்ரரில் முன்கால் வைத்து, முதல் வடையைத் தானே எடுத்துக்கொண்டது. எங்கிருந்தோ விதானையார் வந்து இரண்டாவதை எடுத்தார்.

கொச்சி மில்லிலேயே இருக்கிறது. கம்பிக்கூட்டில் ஏரம்பர் வீட்டுக் கோழிகள் இருக்கின்றன. இந்த மாரியில் ஏரம்பரின் நாய் போட்ட மூன்று குட்டிகளில் இரண்டு பெட்டை. இரண்டும் கேதீஸ்வரி சமைக்கிற குசினி வாசலில் புதுச் சாக்கில் படுக்கின்றன. சாக்கில் கே.ஏ. என்று எழுத்து.

ஆனால் முழுவெற்றி என்று சொல்ல மகாதேவி தயாராயில்லை. யாரோ ஒருவர் வெள்ளிக்கிழமை விடிய வந்து லாண்ட்மாஸ்ரருக்குத் திருநீறு பூசி, கைப்பிடியில் ஒரு செவ்வரத்தம்பூ செருகிவிட்டுப் போகிறார். அன்றைக்கு அதை வயலில் இறக்கினால் தெய்வக் குற்றம் என்று ஊரே சொல்கிறது. ஏரம்பர் வெள்ளிக்கிழமைகளில் மண்வெட்டியோடு நடந்து போகிறார். மில் வாசலில் நின்று மகாதேவி கேட்பாள்.

"என்ன அண்ணை, வைரவர் இண்டைக்கும் இறங்கேல்லையோ?"

"பேசாமல் மிளகாயை அரை, பிள்ளை," என்பார் ஏரம்பர்.