வால்வு தனி, பெட்டி தனி

என் தங்கச்சிக்குத் தெருவில் 'வால்வு' என்றுதான் பேர். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களைச் சரிசெய்வது அவள் தொழில். பெட்டியின் மேல் பல்பு மாதிரி கண்ணாடிக் குமிழ்கள் வரிசையாக நிற்கும். சூடேறினால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் தணல் தெரியும். பாட்டு அந்தத் தணல் வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போகிறது. முக்கால்வாசிப் பேருக்கு இது வேண்டாத சாமான். வேண்டியவர்களோ அதை உயிராக வைத்திருக்கிறார்கள். எந்த மூலையில் இருந்தாலும் விசாரித்துக்கொண்டு இவளிடம் அனுப்புவார்கள்.

நான் சோபாவுக்கு மெத்தை தைக்கிறவன். வீட்டின் முன்னறை எனக்கு, பின்னறை அவளுக்கு, நடுவில் அம்மாவின் அடுப்படி. பள்ளிக்கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. ஆனால் அவளுடைய காது வேறு ரகம். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால், இங்கே சாப்பிட்டுக்கொண்டே "புஷ் தேஞ்சிருச்சு, இன்னும் கொஞ்ச நாள்தான்" என்பாள். சொன்னபடி அந்த மிக்சி படுத்துவிடும். அந்த வீட்டம்மா இவள்தான் கண் வைத்துவிட்டாள் என்று எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அப்படிப்பட்டவளுக்கு வேலை வருவது நின்றுபோனது ஒரு பல் டாக்டரால். டாக்டரைக் குற்றம் சொல்ல முடியாது. கடல் தாண்டி இருக்கிறவர், தன் அப்பாவின் ஆம்ப்ளிஃபயரை அனுப்பியிருந்தார். இவள் சரிசெய்து, வால்வுகளைக் கழற்றாமல் அப்படியே பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பினாள். சோம்பேறித்தனம் இல்லை. ஒவ்வொரு வால்வையும் ஒவ்வொரு குழியிலும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டு, எது எங்கே நன்றாகப் பேசுகிறது என்று பார்த்து உட்காரவைத்திருந்தாள். அவர் சுவிட்சைப் போட்டதும் தான் கேட்ட அதே சத்தத்தை அவரும் கேட்க வேண்டும் என்று ஆசை. கழற்றினால் அந்தப் பொருத்தம் கலைந்துவிடும் என்று பயம்.

வழியில் யாரோ பெட்டியைப் போட்டுவிட்டார்கள். உள்ளே டிரான்ஸ்பார்மர் திருகுகளைப் பிய்த்துக்கொண்டு வால்வுகள்மேல் உருண்டிருக்கிறது. டாக்டர் அனுப்பிய போட்டோவில் வெறும் கண்ணாடித் தூள். அவர் திட்டவில்லை. அந்தப் போட்டோவை மட்டும் தன் கூட்டாளிகள் நாலு பேருக்குக் காட்டினார். அந்த நாலு பேர் நாற்பது பேருக்குக் காட்டினார்கள். பின்னறை மேசை காலியானது.

"திருப்பி அனுப்புங்க சார், நானே பண்ணித் தர்றேன்" என்று இவள்தான் கெஞ்சிக் கேட்டு வாங்கினாள். டிரான்ஸ்பார்மரைப் புதிதாகச் சுற்றினாள். உடைந்துபோன பெரிய வால்வுகளுக்கு ஜோடி தேடி ஊரெல்லாம் சல்லடை போட்டாள். இப்போது யாரும் செய்யாத வால்வு அது. எங்கிருந்தோ ஒரே ஒரு ஜோடி கிடைத்தது.

அனுப்புகிற நாள் காலையில் என் தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள். "அண்ணா, இதுவும் உடைஞ்சா சால்டரிங் அயர்னைப் பரண்ல போட்டுடுவேன். உன் கடையில பட்டன் தைக்கிறேன்."

"என் கடைக்கு ஒழுங்கா பட்டன் தைக்கத் தெரிஞ்ச ஆள்தான் வேணும்."

எப்போதும் சிரிக்கிறவள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. நான் மெஷினை நிறுத்தினேன்.

பார்சல் வண்டி மதியம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். பெட்டி கட்டுவது என் பொறுப்பு. கடையில் இருப்பதிலேயே மெத்தென்ற ஃபோமைக் கொண்டுபோய்ப் பெருமையாக வைத்தேன். அவள் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் அடிவரை போய் மேசையைத் தொட்டது.

"இது உக்கார்றதுக்கு அண்ணா. விழறதுக்கு வேற வேணும்."

"மெத்தை போடறவன் நானா நீயா?"

"சரி, போட்டே பாத்துடலாம்."

ஆம்ப்ளிஃபயருக்குப் பதிலாக என் இரும்பு இஸ்திரிப் பெட்டி, வால்வுகளுக்குப் பதிலாக அம்மாவின் முட்டை. என் ஃபோமில் சுற்றிக் கட்டி, மேசை விளிம்பிலிருந்து தள்ளினேன். பிரித்தபோது எல்லாம் கூழ்.

"பாவி, ஆம்லெட் போடணும்னா என்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றார் அம்மா வாசலில் நின்று.

நான் முன்னறைக்குப் போய், பஸ் சீட்டுக்குப் போடுகிற கெட்டி ஃபோமை எடுத்துவந்தேன். இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்தால் பாதிதான் இறங்கியது, மீதி பாதி தாங்கி நின்றது. மறுபடி தள்ளினோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு முட்டைகூட உடையவில்லை.

அதற்குப் பிறகுதான் வால்வுகளைத் தொட்டாள். கழுத்தைத் திருகாமல், அடிப்பாகத்தைப் பிடித்து, லேசாக ஆட்டி ஆட்டி நேராக மேலே இழுத்தாள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிற நூல், அது கழன்ற குழியிலும் அதே நிற நூல். என் நூல்கண்டுகள்தான். போன தடவை பொருத்தம் கலைந்துவிடும் என்று பயந்தாளே, இப்போது அந்தப் பொருத்தத்தையே நூலில் கட்டி அனுப்புகிறாள். கம்பிக் கால்கள் வளையாமல் இருக்கக் கெட்டி ஃபோமில் துளை போட்டுக் குத்தி நிறுத்தினோம். அது தனிச் சின்னப் பெட்டி.

ஆம்ப்ளிஃபயரின் அடிக்கால்களைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியாகவே தடித்த பிளைவுட் பலகையில் போல்ட் போட்டு முறுக்கினேன். பெயின்டில் ஃபோம் ஒட்டாமல் இருக்க மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். டிரான்ஸ்பார்மர் சாயாதபடி சுற்றிலும் ஃபோம் முட்டு. அதை ஒரு பெட்டிக்குள், அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள், நடுவில் ஆறு பக்கமும் கெட்டி ஃபோம். மேல் ஃபோமைக் குடைந்து வால்வுப் பெட்டியை அதற்குள் புதைத்தோம். டேப் ஒட்டி முடித்தபோது வெளியே ஹாரன் சத்தம்.

தூக்குவதற்காகப் பெட்டியைச் சாய்த்தேன்.

'டொக்.'

ரொம்பச் சின்னச் சத்தம். என் காதுக்கே ஏதோ போல்தான் இருந்தது. அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இன்னொரு தரம் சாயி."

'டொக்.'

"ஃபோம்தான் அசையுது" என்றேன்.

"ஃபோம் டொக்குன்னு பேசாது."

டிரைவர் வாசலுக்கே வந்துவிட்டான். "அண்ணே, லேட்டாகுது. இன்னும் பாதி ஊர் பாக்கி. இதை விட்டா அடுத்த வாரம்தான் கப்பல் சரக்கு."

டாக்டரிடம் இந்தச் சரக்கில் வரும் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். ஏற்கெனவே ஒரு தடவை கெட்ட பேர். நான் மெதுவாகச் சொன்னேன்: "போகட்டும். இவ்வளவு கட்டியிருக்கோம், ஒண்ணும் ஆகாது."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியின்மேல் காதை வைத்துக்கொண்டு இருந்தாள். பிறகு பிளேடை எடுத்து டேப்பை ஒரே இழுப்பாகக் கிழித்தாள்.

"ஐயோ, அக்கா!" என்றான் டிரைவர்.

"தம்பி, டீ போடறேன், உக்காரு" என்று அம்மா அவனைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். அன்றைக்கு அம்மா செய்த பெரிய உதவி அதுதான்.

ஃபோமை உருவினோம். உள்பெட்டியைத் திறந்தோம். நான் முறுக்கிய போல்ட்களை நானே கழற்றினேன். ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்து அடித்தகட்டைத் திறந்தால், ஒயர்களுக்கு நடுவே படுத்துக்கொண்டிருந்தது அவளுடைய தட்டுக்குச்சி.

பழைய பெயின்ட் பிரஷ்ஷின் மரக்கைப்பிடி அது. வால்வு எரிந்துகொண்டிருக்கும்போது அந்தக் குச்சியால் லேசாகத் தட்டுவாள். நல்ல வால்வு சும்மா இருக்கும். உள்ளே தளர்ந்துபோன வால்வு ஸ்பீக்கரில் 'ணங்' என்று மணி அடிக்கும். முந்தின நாள் கடைசியாகத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு ஒயரை ஒதுக்கிவிட்டு, குச்சியை அங்கேயே வைத்து மூடியிருக்கிறாள். பெட்டி எங்காவது விழுந்திருந்தால் அந்தக் குச்சி தலைமயிர் மாதிரி மெல்லிய ஒயர்களை அறுத்துக்கொண்டு போயிருக்கும். அத்தனை ஃபோமும் வெளியே நின்று வேடிக்கை பார்த்திருக்கும்.

"வயித்துக்குள்ள கத்திரிக்கோலை வச்சுத் தச்ச டாக்டர் மாதிரில்ல இருக்கு" என்றான் டிரைவர், டீயை ஊதிக்கொண்டே.

அவள் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். திரும்பக் கட்டும்போது, வால்வுப் பெட்டியின் ஃபோமில் ஒரு நீளப் பள்ளம் வெட்டச் சொல்லிக் குச்சியை அதில் அழுத்திவைத்தாள்.

"இதை எதுக்கு அனுப்பறே?"

"காரியம் இருக்கு."

மறுபடி டேப். சாய்த்தோம். எந்தச் சத்தமும் இல்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். டிரைவரும் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "தூங்குது" என்றான். போகிறபோது என்ன நினைத்தானோ, மற்ற சாமான்களை ஒதுக்கிவிட்டு, தன் சீட்டுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. போன் அடித்தால் அவள் எழுந்திருப்பாள், டாக்டர் இல்லை என்றால் உட்காருவாள். அவ்வளவுதான். சாப்பாடு சரியாக இறங்கவில்லை. ஒருநாள் நிஜமாகவே என் பக்கத்தில் உட்கார்ந்து நாலு பட்டன் தைத்தாள். நாலும் கோணல். அவள் எழுந்து போனதும் பிரித்துத் தைத்தேன்.

டாக்டர் கூப்பிட்டபோது, எங்களுக்கும் கேட்கட்டும் என்று போனைச் சத்தமாக வைத்தாள். அவர் குரலே சரியில்லை. "ஏம்மா, பெட்டி முழுசா இருக்கு. ஆனா எல்லாக் குழியும் காலி. வழியில யாரோ வால்வைக் களவாடிட்டாங்க போல."

"சார், தூக்கிப் போட்டீங்களே மேல் ஃபோம், அதைத் திருப்பிப் பாருங்க."

அட்டை கிழிகிற சத்தம். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"நூல் கட்டியிருக்கு" என்றார் டாக்டர்.

"ஒண்ணாவது உடைஞ்சிருக்கா சார்?"

"இரு… இல்லை. எதுவும் உடையலை."

அவள் சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை என்று ஒவ்வொன்றாக மாட்டவைத்தாள். ஸ்பீக்கர் ஒயரை மாட்டாமல் சுவிட்சைத் தொடவே கூடாது என்று இரண்டு தரம் சொன்னாள். சூடேறக் காத்திருந்தார்கள்.

"இப்போ அந்தக் குச்சியால லேசாத் தட்டுங்க சார். கையை வச்சிடாதீங்க, சுடும். போனை ஸ்பீக்கர்கிட்ட வைங்க."

"பல்லைத் தட்டிப் பாக்கற மாதிரிதானே?"

"அதேதான் சார். வலிக்குதான்னு நான் சொல்றேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அங்கே அவர் ஒவ்வொன்றாகத் தட்டினார். எனக்கு வெறும் இரைச்சல்தான் கேட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் அவள் "ம்" என்றாள். பெரிய வால்வுகள் கடைசியில் வந்தன.

"ம்."

அவர் கடைசி வால்வைத் தட்டினார்.

"ம். போதும் சார். பாட்டுப் போடுங்க."

அங்கே பாட்டு ஆரம்பித்தது. டாக்டர் அதை முடியும்வரை ஓடவிட்டார். பிறகு, "இந்தக் குச்சியைத் திருப்பி அனுப்பணுமா?" என்று மட்டும் கேட்டார்.

"நீங்களே வச்சுக்குங்க சார். யாராவது கேட்டா, பெட்டி எப்படி வந்துச்சுன்னு காட்டுங்க."

காட்டியிருக்கிறார். அடுத்த வாரமே பின்னறைக்குப் புதிதாக ஒரு பார்சல் வந்து இறங்கியது. யாரோ முன்பின் தெரியாதவர், வால்வுகளைக் கழற்றாமல், பழைய பேப்பரைச் சுருட்டித் திணித்து அனுப்பியிருந்தார். என் தங்கச்சி அதைச் சாய்த்துக் காதை வைத்தாள்.

"அண்ணா, கொஞ்சம் பொறு, பிரிக்காதே" என்றாள். "இதுக்குள்ள மூணு உடைஞ்சிருக்கு. அதுல ஒண்ணு பெரிசு."

பிரித்துப் பார்த்தேன். மூன்றுதான். அதில் ஒன்று பெரிது. நான் போய் பஸ் சீட்டு ஃபோமை வெட்ட ஆரம்பித்தேன்.