ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும்

அவன் மேல் எனக்கிருந்த கோபம் ஆறிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆறவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இன்ஜினியரிங் கடைசி வருஷ ப்ராஜெக்டில் நாங்கள் இருவரும் ஒரே குழு. அவன் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ். அப்பா அதிகாரி, வீட்டிலேயே கம்ப்யூட்டர். நான் ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடு. என் நைனாவுக்குச் சுரங்கத்தில் வேலை. ஆட்களைச் சுரங்கத்துக்குள் ஏற்றி இறக்கும் கேஜ் கூண்டுக்கு மணி அடிப்பார். சுரங்கத்தை இன்றைக்கு மூடுவார்கள், நாளைக்கு மூடுவார்கள் என்று வீட்டில் தினமும் அதே பேச்சு. அந்த ப்ராஜெக்டைக் காட்டித்தான் நான் வேலை வாங்கியாக வேண்டும்.

அப்போதுதான் காலேஜ் லேபில் லினக்ஸ் போட்டிருந்தார்கள். அதன் ப்ரோக்ராமை யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்தலாம். அதில்தான் தொல்லையும். பல பேர் கை வைக்கிற ப்ரோக்ராமில் யாராவது எதையாவது உடைத்துவிடுவார்கள், அது தெரியாமல் மற்றவர்கள் அதன் மேலேயே கட்டிக்கொண்டு போவார்கள். நான் எழுதிய கருவி, ஒவ்வொரு திருத்தம் வந்ததும் மொத்தத்தையும் ஓட்டிப் பார்க்கும். சரியாக இருந்தால் மூன்று பீப். உடைந்திருந்தால் ஒரே பீப், அதோடு சரி, அடுத்த திருத்தத்தை வாங்காது. கேஜ் மணியும் அப்படித்தான். மூன்று அடித்தால் ஆள் ஏறியாச்சு. ஒன்று அடித்தால் நிறுத்து. லைன் வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டிலேயே இதைக் கற்றுக்கொள்வோம்.

அவன் சாயங்காலம் லேபுக்கு வருவான், பிஸ்கட் தின்பான், கிரிக்கெட் பேசுவான், போவான். ஒரு வரி எழுதியதில்லை. தேர்வு நெருங்கியதும் எங்கள் ப்ராஜெக்ட் கைடு என்னைக் கூப்பிட்டு, "எல்லாம் அவன்தான் செஞ்சானாமே. நீ ரிப்போர்ட் டைப் பண்ணு, டெமோ அவன் காட்டட்டும்" என்றார்.

வராந்தாவில் அவனை மடக்கிக் கேட்டேன். சிரித்தான்.

"உனக்கு இன்னாத்துக்கு டென்ஷன்? உங்க லைன்ல ஒரு பொண்ணு டிகிரி வாங்கறதே பெருசு. மார்க்கு ரெண்டு பேருக்கும்தானே வரப்போவுது?"

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அவனை எப்படிக் கவிழ்ப்பது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எனக்கு அந்த வேலையே வைக்கவில்லை அவன்.

தேர்வு நாளில் பெங்களூரிலிருந்து எக்ஸாமினர் வந்தார். அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். நான் ரிப்போர்ட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். வாசலில் எங்கள் வகுப்புப் பையன்கள் கூட்டம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கருவியிடம் அதன் ப்ரோக்ராமையே கொடுத்துச் சோதித்துக் காட்டுவதாக ஏற்பாடு. எழுதியவர்கள் பேர் இருக்கும் முதல் வரியைத் திரையில் பார்த்தேன். என் பேர் இல்லை, அவன் பேர் மட்டும். என் பேரை அழித்தவன், அதை ஒட்டி, பேர் வரி முடிந்தது என்று காட்டும் குறியையும் சேர்த்து அழித்திருந்தான். அந்தக் குறி இல்லாமல் கீழே இருப்பது எதுவும் ஓடாது. நான் வாயே திறக்கவில்லை.

ஒரு பீப்.

அவன் மறுபடி தட்டினான். மறுபடி ஒரு பீப்.

"என்ன சத்தம் இது?" என்றார் எக்ஸாமினர்.

"ஸ்பீக்கர் ப்ராப்ளம் சார்" என்று இன்னொரு தடவை தட்டினான்.

வாசலிலிருந்து லைன் வீட்டுப் பையன் ஒருவன் கத்தினான்: "யோவ், ஒரு மணி அடிச்சா நிறுத்துய்யா! ஆளுங்கள சாவடிச்சிடுவ போல!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எக்ஸாமினர் அவனிடமே கேட்டார், ஒரு மணிக்கு என்ன அர்த்தம் என்று. அவனுக்கு வேர்த்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தான். நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா! எக்ஸாமினர் என் பக்கம் திரும்பிய பிறகுதான் ரிப்போர்ட்டை மேஜையில் போட்டுவிட்டு, "எழுந்திரு" என்றேன் அவனிடம். எழுந்தான். உட்கார்ந்து குறியைப் போட்டேன், என் பேரையும் போட்டேன். மூன்று பீப்.

அந்தக் கருவியை லினக்ஸ்காரர்களுக்கு அனுப்பினேன். வாங்கிக்கொண்டார்கள், மணி உட்பட. அதைக் காட்டித்தான் எனக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் சுரங்கத்தை மூடினார்கள். நைனா அடித்த மணியும் நின்றது.

அதற்குப் பிறகு ஒருநாள் பங்காருபேட்டையில் பெங்களூர் ரயில் ஏறி உட்கார்ந்ததும் அவன் எதிரில் வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் பெங்களூரில்தான் வேலை.

"உன் டூலைத்தான் எங்க ஆபீஸ்ல போட்டிருக்காங்க. நான் எதைத் தொட்டாலும் ஒரு பீப் அடிக்குது, எல்லாரும் வேலையை நிறுத்திட்டு என்னையே பாக்கறாங்க. அத எப்படி ஆஃப் பண்றது, சொல்லேன்."

எனக்குத் தெரியும். ஒரு வரி மாற்றினால் போதும்.

"உனக்கு இன்னாத்துக்கு டென்ஷன்?" என்றேன். "அடிச்சா நின்னுடு."