வாரா வாரம் எடுத்துக்கொண்டது

அந்தக் கண்ணாடி பாட்டில் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. என் கையிலிருந்து இறங்கிய ரத்தம் அதில் மெல்ல மெல்ல நிறைவதைத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். எழுபதுகளின் நடுவில், கல்கத்தாவில் ஓர் ஆஸ்பத்திரி. எங்கள் ஆபீஸ் சூப்பரிண்டெண்டெண்டின் மனைவிக்கு அவசர ஆபரேஷன். எளிதில் கிடைக்காத வகை ரத்தம். ஆபீஸில் என்னுடையது மட்டுமே பொருந்தியது. நான் வெளியே வந்தபோது சார் என் இரண்டு கைகளையும் பற்றிக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பவானிபூரில் ஒரு மெஸ்ஸில் தங்கியிருந்தேன். வங்காளமும் சரியாக வராது. ஒரு நாள் நான் காணாமல் போனால் தேட அந்த ஊரில் ஆளில்லை. மறுநாள் ஆபீஸில் எல்லோரும் என் மேஜைக்கு வந்து தட்டிக்கொடுத்தார்கள். வங்காளிப் பெரியவர் ஒருவர் சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்து தம் கையால் ஊட்டினார். முதன்முறையாக, நானும் ஒரு மனிதன் என்று தோன்றியது.

மாமி தேறி வீடு திரும்பியதும் ஞாயிறுதோறும் லேக் கார்டன்ஸில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். "உடம்பு எப்படி இருக்கு மாமி?" என்று கேட்டுக்கொண்டேதான் நுழைவேன். அதில் கரிசனம் இல்லாமலில்லை. ஆனால் ஞாபகப்படுத்தலும் இருந்தது. வேறு யாராவது வந்திருந்தால் பேச்சை எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவேன். ஆபீஸில் ஒரு முக்கியமான கடிதத்தை நான் தவறான விலாசத்துக்கு அனுப்பியபோது, யாரையும் விட்டுவைக்காத சார் ஒரு வார்த்தை பேசாமல் தாமே உட்கார்ந்து சரிசெய்தார். எனக்கு வெட்கமாக இல்லை. நியாயம்தானே என்றிருந்தது. இன்று நினைத்தால்தான் கூசுகிறது.

ஒரு ஞாயிறு மாமியின் தங்கை சென்னையிலிருந்து வந்திருந்தாள். "மாமி உடம்புல ஓடறது என் ரத்தமாக்கும்" என்று சிரித்தேன். அவள் என்னைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். மாமி காபியை என் முன் வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"அம்பி, நீ குடுத்தது ஒரு நாள். அதை வாரா வாரம் வந்து திருப்பி எடுத்துண்டு போறியே. பொழைச்சு வந்தோம்னு சந்தோஷப்படக்கூட முடியலைடா. மாமா ஆபீஸ்ல உன் முன்னாடி வாயைத் திறக்க முடியாம தவிக்கறார்."

பஸ் ஏறாமல் பவானிபூர்வரை நடந்தே போனேன். நன்றிகெட்டவர்கள் என்று பாதி வழி திட்டினேன். மீதி வழி எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அதன்பின் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

சில மாதங்கள் கழித்து நானாகவே ரத்த வங்கிக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். யாருக்குப் போகும் என்று கேட்டேன். "ஜார் லாக்பே" என்றாள் அங்கிருந்த பெண், நிமிராமலே. யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு. வெளியே டிராமுக்கு நின்றபோது, சொல்லிக்கொள்ள ஒருவருமில்லாமல் வெறிச்சென்றிருந்தது. மறைப்பானேன், அன்று மாலையே அறைத் தோழனிடம் சொல்லிவிட்டேன். அடுத்த முறை சொல்லவில்லை. நாலைந்து நாள் உறுத்தியது, பிறகு பழகிவிட்டது.

இரண்டு வருஷத்தில் சார் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். சாரே என் மேஜைக்கு வந்து பத்திரிகை கொடுத்தார். கடைசிப் பந்தியில் பக்கத்திலிருந்த உறவினர், "நீங்க இவாளுக்கு எப்படிப் பழக்கம்?" என்று கேட்டார். பழைய பதில் நாக்கு நுனிவரை வந்தது.

"சார்கிட்ட வேலை பாக்கறேன்" என்றேன்.

எதிரே பரிமாறச் சொல்லிக்கொண்டு நின்ற மாமிக்கு அது கேட்டிருக்க வேண்டும். அத்தனை ஞாயிறுகளில் ஒருநாளும் என்னெதிரே உட்காராதவள், "எனக்கும் பசிக்கறது அம்பி, கொஞ்சம் நகந்துக்கோ" என்று என் மறுபக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள்.