காருக்கு எடுத்துவைத்த பூவன் சீப்பு

என் கணவருக்குக் காந்தி மார்க்கெட்டில் வாழை மண்டி. வாழைத்தார் வண்டியிலிருந்து இறங்கும்போதே மோந்து பார்த்து, எப்போது பழுக்கும், எந்தக் கரையில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவரை வாழைப்பழத்தை வைத்தே ஒருவன் ஏமாற்றினான் என்றால் யார் நம்புவார்கள்?

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். லால்குடிப் பக்கம் தோப்பு விலை பேச பஸ்ஸில் போய் இறங்கினால் மிராசுதார்கள் மதிப்பதில்லை என்று இவருக்கு ஒரு குறை. கண்டோன்மெண்டில் ஒருவர் ஊரை விட்டுப் போகிறார், நாலு கதவு வைத்த பழைய கார் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் ஓடினார். வாங்கிக்கொண்டு வந்ததும் என்னையும் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார்.

"சத்தமே இல்ல பாத்தியா? தொட்டில் மாதிரி போகுது."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளையும் புளிசாதத்தையும் ஏற்றிக்கொண்டு முக்கொம்பு போனோம். திரும்பி வருகையில் காவிரிப் பாலத்தில் காருக்கு அடியிலிருந்து ஓர் ஊளைச் சத்தம் கிளம்பியது. பிறகு எந்த கியரும் விழவில்லை. மார்க்கெட்டில் தார் இறக்கிவிட்டு வந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விட்டார். தெருவே வேடிக்கை பார்த்தது.

பாலக்கரைப் பட்டறையில் மெக்கானிக் கியர் பாக்ஸைத் திறந்தபோது, கறுத்துப்போன ஆயிலோடு கொழகொழவென்று நாரும் தோலும் வந்ததாம். பற்கள் எல்லாம் தேய்ந்திருந்தன. சத்தம் வெளியே கேட்காமலிருக்க வாழைப்பழத்தை அடைத்து விற்றிருக்கிறார்கள். பழம் கரைகிறவரை கார் வாயைத் திறக்காது. இவர் அதை விரலில் தொட்டு மோந்து பார்த்து, "பூவன்" என்றாராம். சாயங்காலம் வந்து அவரே சொன்னார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தக் காரை வைத்து நான் சிரித்தது அவ்வளவுதான்.

விற்றவர் அதற்குள் ஊரிலேயே இல்லை. மதராஸிலிருந்து பழைய கியர் பாக்ஸ் ஒன்று வரவழைத்தார்கள். அது இந்தக் காருக்குப் பொருந்தவில்லை. இருந்த பல்லையே அரத்தால் ராவிப் போட்டார்கள். அது சரியானதும் கிளட்ச் போயிற்று. கிளட்ச் மாற்றியதும் இன்ஜின் ஆயிலைக் குடித்துவிட்டுப் புகையாகக் கக்கியது. ஒவ்வொரு தடவையும் "இதோட சரியாயிடும் முதலாளி" என்பார் மெக்கானிக். இவரும் அதையே வீட்டில் வந்து ஒப்பிப்பார். போட்ட காசை விட மனசு வராமல் மேலும் மேலும் போட்டார். முதலில் என் வளையல்கள் போயின. பிறகு, கல்யாணத்தின்போது மஞ்சக்காணியாக என் அப்பா எழுதிக்கொடுத்த வாழைக்கொல்லையை அடமானம் வைத்தார். திருவானைக்காவலுக்கு வடக்கே, கொள்ளிடக் கரையோரம் அந்தக் கொல்லை. என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. ஆடி பிறப்பதற்குள் மீட்காவிட்டால் கடன் கொடுத்தவருக்குக் கிரயம் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று பேச்சு.

ஆனி மாதத்தில் மறுபடியும் அந்த ஊளை கேட்டது. காரை விற்று அந்தப் பணத்தில் கொல்லையை மீட்பது என்று முடிவாயிற்று. பொன்மலையில் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். மெக்கானிக் இவரிடம், "நமக்கு வந்த மாதிரியே அனுப்பிடலாம் முதலாளி. நம்மகிட்ட பழத்துக்கா பஞ்சம்?" என்றாராம்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. நான்தான் மண்டியிலிருந்து நன்றாகப் பழுத்த பூவனாக ஒரு சீப்பு எடுத்துவரச் சொன்னேன். மறுநாள் காலையில் மெக்கானிக் வந்தார். இவர் சீப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அப்படியே திரும்பக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்தார்.

"வேண்டாம்."

"கொல்லை கைவிட்டுப் போயிடுமே."

"தெரியும்" என்றார்.

மத்தியானம் அந்த ரயில்வேக்காரர் மனைவியோடு வந்தார். அந்தம்மாள் பின்சீட்டில் உட்கார்ந்து, "பேரப்பிள்ளைங்க நாலு பேரும் தாராளமா உக்காரலாம்" என்று சந்தோஷப்பட்டாள். இவர் காரை எடுத்தார். அது தெருமுனை வரை ஊளையிட்டுக்கொண்டு போய், அதே ஊளையோடு திரும்பி வந்தது. இறங்கியதும், "கியர் பாக்ஸ் போச்சுங்க. இதை வாங்காதீங்க. எங்க குடும்பத்தையே தின்னுடுச்சு" என்று இவரே சொன்னார்.

பிறகு இவர் உள்ளே எட்டிப் பார்த்து, "வந்தவங்களுக்கு வெத்தலை பாக்கு, பழம் கொண்டா" என்றார்.

வீட்டில் வேறு பழம் இல்லை. தட்டில் வெற்றிலை பாக்கோடு அந்தச் சீப்பைத்தான் எடுத்து வைத்தேன். குங்குமம் கொடுத்தேன். அந்தம்மாள் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டு, "என்ன வாசனை! உங்க கொல்லையில விளைஞ்சதா?" என்று கேட்டாள்.

"ஆமாம்" என்றேன்.

ஆடி முதல் வாரத்தில் கிரயம் முடிந்தது. கார் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. இவர் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை. அந்த ஆத்திரத்தில் ஆடி முழுக்க நான் அவரோடு பேசவில்லை.