வாய் நன்றாகத்தான் இருந்தது

எங்கள் வீட்டில் மனச்சிதைவு நோய் இரண்டு பேருக்கு. அண்ணனுக்கும் தங்கைக்கும். வீரபாண்டியில் வீட்டை ஒட்டியே எங்கள் பனியன் யூனிட். அண்ணனிடம் சொன்னது நிற்காது. டீ வாங்கப் போனவன் வெறும் தூக்குப்போசியோடு திரும்புவான். ஆனால் பெட்டியில் பனியன் அடுக்கச் சொன்னால் விரல் நுழைய இடம் இருக்காது. தங்கை நேர்மாறு. சொந்தபந்தம் அத்தனையும் ஒப்பிப்பாள். வேலையைக் கொடுத்தால் எதற்கப்புறம் எது என்று தெரியாமல் நிற்பாள்.

கோயமுத்தூர் டாக்டர் சில வார்த்தைகளை வாசித்து இருவரையும் திருப்பிச் சொல்லச் சொன்னார். அண்ணன் தரையைப் பார்த்தான். தங்கை கடகடவென்று சொன்னாள்.

"புள்ளைக்குச் சரியாப்போச்சுங்களா?" அப்பாவுக்கு முகமெல்லாம் பல்.

"இல்லைங்க. கேட்டதைத் திருப்பிச் சொல்றது இந்த நோயில பெண்களுக்குப் பெரும்பாலும் ஆண்களைவிட நல்லா நிக்கும். அதை வெச்சு நோய் போச்சுன்னு நினைக்காதீங்க. மாத்திரையை நிறுத்தவே கூடாது."

அப்பா அதைக் காதிலேயே வாங்கவில்லை. அண்ணனுக்கு மாத்திரை தொடர்ந்தது. தங்கைக்கு நின்றது. மாத்திரை போட்டால் தூங்கி வழிகிறாளாம், பெண் பார்க்க வருகிறவர்கள் கேட்பார்களாம். நான் கத்தினேன். "தங்கச்சி வாழறது உனக்குப் புடிக்கலையா?" என்றார் அம்மா.

உடுமலைப்பேட்டைத் தோப்புக்காரர்கள் பெண் பார்க்க வந்தார்கள். குலப்பிரிவான கூட்டம், குலதெய்வம் எல்லாம் விசாரித்த மாப்பிள்ளையின் அம்மா தங்கையிடம் திரும்பினார்.

"உங்க அம்மாயி ஊரு எது கண்ணு?"

தங்கை ஆரம்பித்தாள். அம்மாவைப் பெற்ற அம்மாயி பிறந்த ஊர், அங்கே பெண் எடுத்தவர்கள், கொடுத்தவர்கள். சுற்றி வந்து அந்த அம்மாவின் சொந்தப் பெரியம்மாவில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அட சாமி! எங்களுக்கே தெரியாததைச் சொல்லுதே. கம்ப்யூட்டரையே ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்!"

கூடமே சிரித்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "போய்க் காப்பி கொண்டா அம்மிணி."

உள்ளே போனாள். காப்பி வரவில்லை. அம்மா ஏதேதோ பேசி இழுத்தார். நான் எழுந்து போனேன். சமையலறை வாசலிலேயே கேஸ் நாற்றம். அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்காமல் நிற்கிறாள். பால் இன்னும் பாக்கெட்டில். ஒரு கையில் தீப்பெட்டி, மற்றதில் குச்சி.

"அக்கா, அடுத்து என்ன?"

தீப்பெட்டியைப் பிடுங்கினேன். கேஸை மூடி ஜன்னலைத் திறந்தேன். அவளைக் கொல்லையில் உட்கார வைத்துவிட்டு நேராகக் கூடத்துக்கு வந்தேன்.

"அவளுக்கு மனநோய் இருக்குங்க. மாத்திரையை இவங்க நிறுத்தி வெச்சிருக்காங்க. தெரிஞ்சு கட்டறதுன்னா கட்டுங்க."

"பொய்யிங்க! பொறாமையில பேசறா!" என்றார் அப்பா.

"சமையலறைக்கு வந்து மோந்து பாருங்க."

மாப்பிள்ளையின் அம்மா வந்தார். முந்தானையால் மூக்கை மூடினார். "நல்ல புள்ளைங்க. மொதல்ல வைத்தியம் பாருங்க," என்று செருப்பை மாட்டினார்.

கார் தெருமுனை திரும்பியதும் அப்பா என்னை அறைந்தார். "குடும்ப மானத்தை வித்துட்டயே!"

"மானம் கெடக்கட்டும். மாத்திரை எங்க?"

பீரோ மேலிருந்து எடுத்துத் தரையில் எறிந்தார். பொறுக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

தங்கை மாத்திரையைப் பார்த்ததும் சொன்னாள்: "அதை வெச்சு நோய் போச்சுன்னு நினைக்காதீங்க. மாத்திரையை நிறுத்தவே கூடாது."

டாக்டர் சொன்னது. ஒரு வார்த்தை மாறவில்லை. கையில் மாத்திரையை வைத்தேன், டம்ளரையும் கொடுத்தேன். இரண்டையும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"வாயில போடு," என்றேன். "இப்பத் தண்ணி குடி. முழுங்கு."