மைனஸ் நாற்பதில் வியர்த்த முதலாளி

தொண்ணூறுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் டிரைவராக இருந்தேன். யாரோ வைத்திருந்த வெளிநாட்டுக் காரை அவர் வாங்கினார். அது ஓடியது குறைவு. ஊருக்குக் காட்டியதுதான் அதிகம்.

டேஷ்போர்டில் பச்சையாக ஒரு எண் எரியும். ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாளில் அது மைனஸ் நாற்பது ஆனது. ஏசியும் குளிரவில்லை. முதலாளிக்கு அந்த எண்தான் பெரிதாகப் பட்டது. ஏறுகிறவரிடமெல்லாம், "பாத்தீங்களா, ஏசி மைனஸ் நாப்பது" என்பார். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். வந்தவரும் கழுத்தைத் துடைத்துக்கொண்டே தலையாட்டுவார். பணம் வந்தால் தோல் மரத்துவிடும் போல.

முகப்பேர் ஏசி மெக்கானிக் கேஸ் அடைத்தான். குளிரவில்லை. எண்ணைப் பார்த்தான். "ஏசி சூப்பரா கீது சார். ஒங்க ஒடம்புதான் சூடு."

முதலாளி ஒரு வாரம் இளநீர் குடித்தார்.

அதற்கும் குளிராததால் அவர் மச்சினன் வாயைத் திறந்தான். "மத்தியானத்துல இவன் ஏசிய போட்டுக்கினு வண்டிலயே தூங்கறான் மாமா. அதான் புட்டுக்கிச்சு. வண்டி ஓட்ட நம்மாளு ஒருத்தன் ஆவடில கீறான்."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாகணும். இல்லன்னா சாவிய வெச்சிட்டுப் போயிடு" என்றார் முதலாளி.

வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான்.

பூந்தமல்லியில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். எண் எப்போது மாறியது என்று கேட்டார். சொன்னேன். முன் பம்பருக்கு அடியில் படுத்தார். சிரிப்புச் சத்தம் வந்தது.

"இன்னா அண்ணாத்தே, சென்சாருக்குப் படையல் போட்டு கீறீங்க?"

குனிந்து பார்த்தேன். ஒரு சின்ன ஒயரில் திருஷ்டி எலுமிச்சம்பழம் கட்டியிருந்தது. அழுகி, சாறு இறங்கி, ஒயர் பச்சை பூத்து அற்றுக் கிடந்தது.

"வெளில எவ்ளோ சூடுன்னு இதான் பாக்குது. ஒயரு பூடுச்சு. வெளில பனி கொட்டுதுன்னு நெனச்சுக்கினு வண்டி ஏசிய உட மாட்டேங்குது."

அற்ற இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தார். எண் குபீரென்று மேலே ஏறியது. ஏசி 'டொக்' என்று பிடித்தது. "மத்ததெல்லாம் நல்லா கீது. கோளாறு இங்கதான்" என்று அரித்ததை வெட்டிப் புது ஒயர் போட்டார். எண் முப்பத்துமூன்றில் நின்றது. காற்று குளிர்ந்தது.

பூஜையன்று பழத்தைக் கட்டியது மச்சினன். எதில் கட்டுகிறோம் என்று அவன் குனிந்து பார்க்கவில்லை. குனிவது டிரைவர் வேலை அல்லவா.

அழுகிய பழத்தை இருவர் முன்னாலும் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

"பாத்தியா மாமா? பழம் தாங்கிக்கிச்சு. இல்லாங்காட்டி இஞ்சினே போயிருக்கும்" என்றான் மச்சினன்.

முதலாளி ஆமாம் என்றார். இன்னொன்று கட்டச் சொன்னார். பின்னால், நம்பர் பிளேட்டில் கட்டினேன். சாவியை யாரும் கேட்கவில்லை.

மாலையில் ஒரு நண்பரோடு ஏறினார். உள்ளே ஜில்லென்று இருந்தது. எண்ணைப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"முப்பத்திமூணுதானா? அந்த மைனஸ் நாப்பதத் திரும்ப வரவைக்க முடியாதா?"

கியரைப் போட்டேன்.